தீபாவளி மலர் திருகோணமலைக்கு எந்த வழியால் வரவேண்டும்?

சிவகாசியிலிருந்து அடுத்த வருடத்துக்கான லயன், முத்து காமிக்ஸ் அட்டவணை வெளியானால் எங்கள் ஊரில் நாலைந்து பேருக்கு அன்றிரவு நித்திரை இல்லை. டெக்ஸுக்கு எத்தனை புத்தகம், லக்கி லூக் எத்தனை, புதிதாக யார் வருகிறார், யாரை இந்த முறை விட்டுவிட்டார்கள் என்று பன்னிரண்டு மணி தாண்டியும் தொலைபேசியில் கதை நடக்கும். உண்மையான கேள்வி அடுத்த நாள் காலையில்தான் வரும்: சரி, இதையெல்லாம் திருகோணமலைக்கு எப்படி எடுப்பது?

சென்னையிலோ ஈரோட்டிலோ இருப்பவருக்கு இது ஒரு கேள்வியே இல்லை. சந்தா கட்டினால் வீட்டுக்கு வரும். ஜனவரியில் சென்னைப் புத்தகக் காட்சிக்குப் போனால் கையோடு வாங்கி வரலாம். நமக்கோ நடுவில் கடல், சுங்கம், நாணய மாற்று, போதாக்குறைக்கு மாரி மழை. சிவகாசியிலிருந்து நேரே பொதி, இந்தியாவிலிருந்து வருபவரின் கையில், கொழும்பில் வாங்குவது, கைபேசியில் வாசிப்பது, பழைய புத்தகம் தேடுவது என்று இருக்கிற வழி எல்லாவற்றையும் நான் பார்த்துவிட்டேன். எது நல்லது என்று கேட்பவர்களுக்கு நான் சொல்லும் பதில் இதுதான்: தமிழ் காமிக்ஸ் வேண்டுமென்றால் தனியே வாங்காதீர்கள். நாலு பேர் சேர்ந்து ஒரு சந்தா போடுங்கள், பொதியை மாதா மாதம் எடுக்காமல் சேர்த்து எடுங்கள், தீபாவளிக்கு வரும் சிறப்பிதழான தீபாவளி மலரை மட்டும் ஆள் கையில் கொடுத்து வரவழையுங்கள். ஏன் இப்படிச் சொல்கிறேன் என்பதற்குக் கொஞ்சம் விளக்கம் வேண்டும்.

எங்கள் மாமாவின் தலைமுறைக்குக் காமிக்ஸ் என்றால் இரும்புக்கை மாயாவி. 1972இல் முத்து காமிக்ஸின் முதல் இதழே அவர்தான். இங்கிலாந்தில் 1962இல் தொடங்கிய கதை, பத்து வருடத்தில் சிவகாசி வழியாகத் தமிழுக்கு வந்தது. 1984இல் லயன் காமிக்ஸும் ராணி காமிக்ஸும் வந்தன. ராணி காமிக்ஸ் மாதம் இரண்டாக 2005 வரைக்கும் 500 இதழ் வந்து நின்றுபோனது. முத்துவும் லயனும் இடையில் தடுமாறி, 2012க்குப் பிறகு நல்ல தாளில், முழு வண்ணத்தில் புது உயிர் பெற்றன. இன்றைக்குத் தமிழில் ‘புது வெளியீடு’ என்று காத்திருக்கிறோம் என்றால் பெரும்பாலும் சிவகாசியின் இந்தக் குடும்பத்துக்காகத்தான். இத்தாலியிலிருந்து டெக்ஸ் வில்லர், பிரெஞ்சு மொழியிலிருந்து லக்கி லூக், தோர்கல், நாம் கேப்டன் டைகர் என்று கூப்பிடும் புளூபெர்ரி, இரத்தப் படலம் என்ற பெயரில் வந்த ‘XIII’ தொடர் எல்லாம் அங்கிருந்துதான் வருகிறார்கள்.

இந்தப் புத்தகங்கள் எல்லாம் ஒரே மாதிரி இல்லை. எந்த வழியால் எடுப்பது என்ற முடிவே அதில்தான் தங்கியிருக்கிறது. லக்கி லூக் போன்ற பிரெஞ்சு ஆல்பம் 48 பக்கத்துக்குள் முடிந்துவிடும். பெரிய அளவு, வண்ணம், மினுமினுப்பான தாள். டெக்ஸ் கறுப்பு வெள்ளை, சிறிய அளவு, ஆனால் இருநூறு பக்கத்தைச் சாதாரணமாகத் தாண்டும். ஒருநாள் வீட்டுக்குப் பக்கத்துக் கடைத் தராசில் வைத்து நிறுத்துப் பார்த்தேன். ஒரு வண்ண ஆல்பம் 150 கிராமுக்குக் கிட்ட, ஒரு டெக்ஸ் 250 கிராம், கெட்டி அட்டை போட்ட தொகுப்பு ஒன்று முக்கால் கிலோவைத் தாண்டியது. கடைக்கார அண்ணை பருப்பை இறக்கி வைத்துவிட்டு நான் கேட்ட எல்லாவற்றையும் பொறுமையாக நிறுத்துத் தந்தார்.

நேரே பொதி எடுப்பதில் இந்த நிறைதான் எல்லாம். வெளிநாட்டுப் பொதிக் கட்டணத்தில் முதல் படிதான் கூடிய விலை. அதன் மேல் கூடும் ஒவ்வொரு படிக்கும் ஏறுவது குறைவு. மாதம் ஒரு டெக்ஸும் ஒரு ஆல்பமும் என்று தனித்தனிப் பொதியாக எடுத்தால் ஒவ்வொரு மாதமும் அந்த முதல் படியைக் கட்டுகிறீர்கள். நான் தனியாகச் சந்தா கட்டிய வருடம் அதைத்தான் செய்தேன். வருட முடிவில் கூட்டிப் பார்த்தால் புத்தகத்துக்குக் கொடுத்ததைவிடத் தபாலுக்குக் கொடுத்தது கூட. அடுத்த வருடம் நாலு பேராகி, நாலு மாதப் புத்தகத்தை ஒன்றாகக் கட்டச் சொன்னோம். ஆளுக்கு வந்த தபால் செலவு, பக்கத்து ஊருக்கு பஸ்ஸில் போய்வரும் காசு அளவுக்கு இறங்கிவிட்டது.

நாணயத்தையும் பார்க்க வேண்டும். 2022 நெருக்கடிக்கு முன் ஓர் இந்திய ரூபாய்க்கு இரண்டே முக்கால் இலங்கை ரூபாய் அளவில் கொடுத்துக்கொண்டிருந்தோம். நெருக்கடியில் அது நாலரையைத் தாண்டிப் போய், பிறகு மூன்றரை அளவுக்கு இறங்கியது. இந்திய விலை கூடாமலே நமக்கு விலை கூடிய கதை அது. அட்டவணையில் உள்ள எல்லாவற்றையும் ஒருவரே வாங்குவது முந்தி ஆசை. இப்போது அது பலருக்கு எட்டாது. பணம் அனுப்புவதிலும் ஒரு முடிச்சு இருக்கிறது. தமிழ்நாட்டுக்காரர் கைபேசியில் ஒரு தட்டுத் தட்டிக் கட்டும் யூபிஐ, இலங்கை வங்கிக் கணக்கு வைத்திருக்கும் நமக்கு உதவாது. வெளிநாட்டுப் பாவனைக்குத் திறந்துவிட்ட வங்கி அட்டை வேண்டும், அல்லது திருச்சியிலோ சென்னையிலோ இருக்கும் ஒரு சொந்தக்காரர் நமக்காகக் கட்ட வேண்டும். நமக்குச் சொந்தக்காரர் இல்லாத ஊர் அங்கே எது? அந்த வகையில் இது பெரிய தடை இல்லை.

பொதி வழியின் உண்மையான ஆபத்து மழை. இதை நான் பட்டுத் தெரிந்துகொண்டேன். ஒரு கார்த்திகை மாதம், மூன்று நாள் விடாத அடைமழைக்கு நடுவே என் பொதி வந்து சேர்ந்தது. வெளிமட்டை ஊறிப்போய், கையில் எடுக்கும்போதே ஒரு பக்கம் குழைந்து வந்தது. மேலே இருந்த டெக்ஸ் புத்தகங்கள் ஓரம் நனைந்து சுருண்டிருந்தன. மின்விசிறிக்குக் கீழே விரித்து வைத்தேன், இரண்டு நாளில் வாசிக்கும் நிலைக்கு வந்துவிட்டன. கீழே இருந்த வண்ண ஆல்பத்துக்குத்தான் கதி இல்லை. அந்த மினுமினுப்புத் தாளில் பூசியிருக்கும் பூச்சு நனைந்தால் பசைபோல் ஆகிவிடும். காய்ந்த பிறகு பக்கங்கள் ஒன்றோடொன்று ஒட்டிப் பலகையாகிவிட்டன. ஒரு சவர அலகை நடுவில் விட்டு மெல்லப் பிரிக்கப் பார்த்தேன். ஒரு பக்கத்துக் குதிரையின் தலை எதிர்ப்பக்கத்து வானத்தில் ஒட்டிக்கொண்டு உரிந்து வந்தது. அதோடு நிறுத்திவிட்டேன். அந்தப் புத்தகம் இன்னும் அலுமாரியில் அப்படியே இருக்கிறது.

அதற்குப் பிறகு நாங்கள் ஒரு நாட்காட்டி போட்டோம். நம் பக்கம் மாரி ஒக்டோபர் கடைசியில் பிடித்தால் ஜனவரி வரைக்கும் நிற்கும். அதனால் பொதி எடுப்பது மூன்று தடவை: சென்னைப் புத்தகக் காட்சி முடிந்து பெப்ரவரி கடைசியில் ஒன்று, கோடை மலர் வந்த பிறகு ஜூனில் ஒன்று, செப்டெம்பரில் ஒன்று. ஒவ்வொரு புத்தகத்தையும் தனிப் பொலித்தீன் உறையில் போட்டுக் கட்டும்படி முன்கூட்டியே எழுதிக் கேட்கிறோம். விலைச்சீட்டைப் பொதியின் வெளியே ஒட்டச் சொல்கிறோம்; உள்ளே புத்தகம்தான், என்ன விலை என்று சுங்கத்துக்கு உடனே தெரிந்தால் பொதி தேவையில்லாமல் கிடந்து காத்திருக்காது.

இந்த நாட்காட்டியில் ஒரு பெரிய ஓட்டை இருக்கிறது. வருடத்தில் எல்லோரும் காத்திருக்கும் புத்தகம் தீபாவளி மலர்தான், பெரும்பாலும் பருமனான டெக்ஸ் ஸ்பெஷல். அது வருவதோ ஒக்டோபரில் அல்லது நவம்பரில், நம் மழை தொடங்கும் அதே கிழமைகளில். பெப்ரவரிப் பொதிக்குக் காத்திருந்தால் மூன்று, நாலு மாதம் பிந்தும். அதற்குள் கதையின் முடிவு வரைக்கும் யாராவது சொல்லி முடித்துவிடுவார்கள். காமிக்ஸ் வாசிப்பில் பாதி சுகம் மற்றவர்களோடு ஒரே நேரத்தில் வாசித்துக் கதைப்பது. எந்த வழி மலிவு என்று மட்டும் பார்ப்பவர்கள் இதைக் கணக்கில் எடுப்பதில்லை. அவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லாத இடம் இதுதான்.

தீபாவளி மலருக்கு இரண்டாவது வழிதான் சரி: ஆள் கையில். முந்தி இந்தியாவிலிருந்து ஆள் வருவது என்றால் கொழும்புப் பக்கத்துக் கட்டுநாயக்கா விமான நிலையம் மட்டும்தான். 2019 நவம்பரில் சென்னையிலிருந்து யாழ்ப்பாணத்துப் பலாலிக்கு விமானம் தொடங்கியது. கொரோனாவோடு நின்று 2022 டிசம்பரில் திரும்பவும் வந்தது. 2023 ஒக்டோபரில் நாகப்பட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்குக் கப்பல் விட்டார்கள். அதுவும் சில நாளில் நின்று, 2024 ஓகஸ்டில் மறுபடி ஓடத் தொடங்கியது. கப்பலில் வருகிறவர் பொதி தூக்க விமானக்காரரைவிட மனம் வைப்பார், ஆனால் மாரியில் கடல் சரியில்லை என்றால் கப்பல் நிற்கும். தீபாவளிக் காலத்துக்கு அதை நம்பக்கூடாது. யாழ்ப்பாணத்தில் இறங்கும் புத்தகம் வவுனியா சுற்றி பஸ்ஸில் நமக்கு வர ஒரு பகல் போதும்.

கையில் வருவதில் தபால் செலவு இல்லை, நனைவதும் இல்லை. ஆனால் அது ஒருவரிடம் கேட்கும் உதவி என்பதை மறக்கக்கூடாது. பிள்ளைகளுக்கு உடுப்பும் அம்மாவுக்கு மருந்தும் அடுக்கிக்கொண்டிருப்பவரிடம் ஆறு கிலோ காமிக்ஸ் தூக்கி வரச் சொல்லக்கூடாது. ஒரு புத்தகம், மிஞ்சினால் இரண்டு. நாலு பேருக்கும் சேர்த்து ஒரேயொரு தீபாவளி மலர் என்றால் அரைக் கிலோவுக்குள் முடிந்துவிடும், யாரும் முகம் சுளிக்கமாட்டார்கள். கூட்டுச் சந்தாவின் பலன் இங்கேயும் தெரியும். ஆளுக்கொரு பிரதி என்று நின்றால் இந்த வழியே அடைபட்டுவிடும்.

கொழும்பைப் பற்றி அதிகம் சொல்ல இல்லை. இரவு ரயிலில் ஏறினால் விடியக் கோட்டையில் இறங்கலாம். வெள்ளவத்தை, செட்டியார் தெருப் பக்கத்துத் தமிழ்ப் புத்தகக் கடைகளில் காமிக்ஸ் கண்ணில் பட்டால் அது அன்றைய அதிர்ஷ்டம். புது வெளியீட்டை நாள் பார்த்து வாங்கும் இடமாக அவற்றை எண்ணிப் போகாதீர்கள். ஆங்கிலத்தில் வாசிப்பவர்களுக்குத்தான் கொழும்பு பொருந்தும். பேட்மேன், ஸ்பைடர்மேன் தொகுப்புகளும் ஜப்பானிய மங்காவும் பெரிய கடைகளில் இருக்கும். செப்டெம்பரில் பண்டாரநாயக்க மண்டபத்தில் நடக்கும் சர்வதேசப் புத்தகக் கண்காட்சிக்கு எப்படியும் போகிறவர்கள் என்றால் அந்தப் பயணத்தோடு சேர்த்து வாங்கிக்கொள்ளலாம். காமிக்ஸுக்காக மட்டும் 250 கிலோமீற்றருக்கு மேல் போய்வரச் சொல்லமாட்டேன்.

கைபேசியைப் பற்றி எங்களுக்குள் அடிக்கடி வாக்குவாதம் வரும். எங்கள் வீட்டிலேயே வரும். என் அக்காவின் மகன் ‘ஒன் பீஸ்’ என்ற மங்காத் தொடர் வாசிக்கிறவன். ஜப்பானில் திங்கட்கிழமை பிறக்கும் அந்த நள்ளிரவில், ஷூயீஷா பதிப்பகத்தின் மங்கா பிளஸ் செயலியில் புது அத்தியாயம் ஆங்கிலத்தில் வந்துவிடும். நம் கடிகாரத்தில் அது ஞாயிறு இரவு எட்டரை. டோக்கியோவில் இருப்பவனும் உப்புவெளியில் இருப்பவனும் ஒரே நிமிடத்தில் வாசிக்கிறார்கள். 1997இலிருந்து ஓடும் கதைக்குக் கடைசி மூன்று அத்தியாயங்கள் எப்போதும் இலவசம். ஞாயிறு எட்டே காலுக்கே அவன் சாப்பாட்டை முடித்துவிட்டுத் தயாராக இருப்பான், டேட்டா முடிந்திருந்தால் என்னிடம் ரீலோட் கேட்டு வருவான். மங்காப் பிள்ளைகளுக்கு இதைவிட நல்ல வழி இந்த ஊரில் இல்லை. புத்தகமாக வேண்டுமென்றால் பிடித்த பாகத்தை மட்டும் கொழும்பிலிருந்து எடுத்துக்கொள்ளட்டும்.

அமெரிக்க காமிக்ஸ் அங்கே புதன்கிழமைகளில் கடைக்கு வரும். அவற்றில் மார்வெல் நிறுவனத்தின் இதழ்கள், அதன் இணைய வாசிப்புச் சந்தாவான மார்வெல் அன்லிமிட்டெடில், அச்சில் வந்து மூன்று மாதம் கழித்துச் சேரும். மூன்று மாதம் பொறுக்க முடிந்தால், மாத இதழ்களைத் தேடி வாங்கும் செலவோடு பார்க்கும்போது இது எத்தனையோ மடங்கு இலாபம்.

தமிழுக்கு வரும்போது கைபேசி வேறு கதை. மங்காப் பக்கம் சிறிய அளவு, ஒரு பக்கத்தில் நாலைந்து கட்டம், திரையில் வடிவாகப் பொருந்தும். டெக்ஸ் பக்கமும் மூன்று வரிசைதான், சமாளிக்கலாம். புளூபெர்ரி போன்ற பெரிய ஆல்பத்தில் நாலு வரிசை, பத்துப் பன்னிரண்டு கட்டம். அதிலும் தமிழ் வசனம் நீளும். மூலத்தில் நாலு சொல் இருந்த வசனக் குமிழுக்குள் தமிழை அடக்க எழுத்தைச் சிறிதாக்கியிருப்பார்கள். கைபேசியில் அதைப் பெருப்பித்து எழுத்தை வாசித்தால் படம் தெரியாது, படத்தைப் பார்த்தால் எழுத்துத் தெரியாது.

நம் வட்டத்தில் கைபேசி வாசிப்பு என்று பலர் சொல்வது வாட்ஸ்அப்பில் சுற்றும் ஸ்கேன் கோப்புகளை. அதை நான் திறப்பதில்லை, எனக்கு அனுப்பவும் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். டெக்ஸுக்கு மிலானில் உள்ள பொனெல்லி பதிப்பகத்துக்கும், மற்றவற்றுக்குப் பிரெஞ்சு மொழிப் பதிப்பகங்களுக்கும் உரிமைத்தொகை கட்டி, மொழிபெயர்த்து, சிறிய எண்ணிக்கையில் அச்சடிக்கும் வேலை இது. விற்காத ஒவ்வொரு பிரதியும் அவர்களுக்கு வலிக்கும். ராணி காமிக்ஸ் நின்றபோது எனக்கு வந்த துக்கம் இன்னும் மறக்கவில்லை. மிஞ்சியிருப்பதும் நிற்பதற்கு நான் ஒரு காரணமாக இருக்கமாட்டேன். ‘நாலு பேர் ஒரு பிரதியை வாசிப்பது மட்டும் சரியா?’ என்று ஒரு தம்பி கேட்டான். நியாயமான கேள்வி. எங்கள் நாலு பேரில் மூன்று பேர் முன்பு ஒரு புத்தகம்கூட வாங்காதவர்கள். இப்போது மூவரும் காசு கட்டுகிறார்கள். பிடித்துப்போன புத்தகத்துக்கு ஆளுக்கொரு பிரதி அடுத்த பொதியில் சேர்கிறது. ஸ்கேன் கோப்பு யாரையும் அப்படி வாங்க வைத்து நான் பார்க்கவில்லை.

பழைய புத்தகம் தேடுவது புது வெளியீட்டுக்கு மாற்று ஆகாது. ஆனால் ஆசை யாரை விட்டது? பழைய முத்து, ராணி இதழ்கள் இந்த ஊரில் மிஞ்சியிருப்பது குறைவு. இடம்பெயர்ந்தவர்கள் புத்தகப் பெட்டியையா தூக்கிக்கொண்டு ஓடினார்கள்? மிச்சத்தைக் கடற்காற்றும் கறையானும் தின்றன. இணையத்தில் தேடுகிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை: அசல் என்று நம்பி ஒருவரிடம் நல்ல விலை கொடுத்து வாங்கினேன், வந்தது ஒளிப்பிரதி எடுத்துத் தைத்த புத்தகம். முதலில் நடுப்பக்கத்தைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். பழைய அசலில் கம்பி குத்திய இடத்தில் துருக்கறை ஏறியிருக்கும், தாள் ஓரத்திலிருந்து உள்ளே பழுப்பேறியிருக்கும். எல்லாப் பக்கமும் ஒரே சீரான சாம்பல் நிறம் என்றால் வேண்டாம். மாயாவியை வாசித்துப் பார்க்கத்தான் ஆசை என்றால், மறுபதிப்பு வரும்போது சந்தாப் பொதியோடு சேர்த்து எடுப்பதே புத்தி.

ஆக, யாருக்கு எது? பள்ளிக்கூடப் பிள்ளை, மங்கா மட்டும் வாசிக்கிறது என்றால் கைபேசியும் ஞாயிறு எட்டரையும் போதும். ஆங்கில சூப்பர் ஹீரோ ரசிகர் செப்டெம்பர்ப் பயணத்துக்குக் காசு சேர்க்கட்டும். தமிழில் மாதம் ஒரு புத்தகம் மட்டும் வேண்டும், அவசரம் இல்லை என்பவர் சந்தாவே கட்ட வேண்டாம். வருடத்துக்கு ஒருமுறை, பெப்ரவரியில், பிடித்ததைத் தேர்ந்து ஒரே பொதியாக எடுக்கலாம். எல்லாம் வேண்டும், வந்த சூட்டோடு வேண்டும் என்கிற என் போன்றவர்களுக்குத்தான் கூட்டுச் சந்தா. அதற்குத் தகுந்த கூட்டாளிகளைப் பிடிப்பதுதான் பாடு. ஒரே ரசனைக்காரர் நாலு பேரைச் சேர்க்காதீர்கள், எல்லோரும் டெக்ஸை முதலில் கேட்பார்கள். எங்களில் ஒருவருக்குத் தோர்கல் உயிர், நிலாவெளியில் இருக்கும் ரீச்சருக்கு லக்கி லூக், எனக்குப் புளூபெர்ரி. டெக்ஸுக்குத்தான் போட்டி, அதுவும் எனக்கும் கிண்ணியா நண்பருக்கும் இடையில் மட்டும். ஒரு புத்தகம் ஒருவரிடம் பத்து நாள். புத்தகத்தை மாற்றிக்கொள்வது பத்திரகாளி அம்மன் கோவிலடியில், வெள்ளிக்கிழமை பின்னேரம். வருட முடிவில் புத்தகங்களை நாலாகப் பிரித்து எடுத்துக்கொள்கிறோம், யாருக்கு எது என்று சீட்டுக் குலுக்கிப் போட்டு.

இந்த முறை தீபாவளி மலர் சென்னையிலிருந்து பலாலிக்கு வருகிறது. ரீச்சரின் தங்கை கொண்டுவருகிறார், இரண்டு பொலித்தீன் உறைக்குள் போட்டு வாயை ஒட்டித் தருவதாகச் சொல்லியிருக்கிறார். போன வருடம் அதை முதலில் வாசித்தவன் நான். கிண்ணியா நண்பர் முப்பது நாள் காத்திருந்து கடைசியாக வாசித்தார், கதையின் முடிவை ஒருவரும் அவருக்குச் சொல்லவில்லை. இந்த வருடம் பஸ்ஸில் இருந்து இறங்கும் பொதியை அவரே வந்து வாங்கிக்கொண்டு நேரே பாலத்தைக் கடந்து வீட்டுக்குப் போகட்டும் என்று முடிவாகியிருக்கிறது.